மண் விழுந்த கிணறுகள்



தொடக்க நூல் 26-ஆம் அதிகாரம் பஞ்சத்தில்தான் தொடங்குகிறது. எகிப்துக்குப் போகாதே, இந்த நாட்டிலேயே தங்கு என்கிறார் ஆண்டவர். ஈசாக்கு தங்கினார், விதைத்தார், நூறு மடங்கு அறுத்தார். நாம் இந்த இடத்திலேயே மகிழ்ந்து விவிலியத்தை மூடிவிடுகிறோம். நமக்கான பகுதி இதற்கு அடுத்தது. ஆபிரகாம் காலத்துக் கிணறுகளைப் பெலிஸ்தியர் பொறாமையால் மண் போட்டு மூடியிருந்தார்கள். ஈசாக்கு அவற்றை மறுபடி தோண்டினார்.

நம் கண்மாய்களை மூடியது எந்தப் பெலிஸ்தியர்?

2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. அது வானத்தின் கணக்கு. நல்ல மழை பெய்த ஆண்டிலும் நம் இராமநாதபுரத்துக் கண்மாய்கள் பல நிரம்புவதில்லையே, ஏன்? வரத்துக்கால் பாதி வயலாகிவிட்டது, மீதி சீமைக்கருவேலங்காடு. மடையில் பலகை இல்லை. இந்த நிலையில் மழைக்காகச் செபமாலை சொன்னால் ஆண்டவர் என்ன செய்வார்? அவர் கொடுத்த மழை கடலுக்குப் போய்விட்டது.

கண்மாய் வறண்டால் வரும் பஞ்சம் ஒரே நாளில் வீட்டுக்குள் நுழைவதில்லை. முதலில் ஆடு சந்தைக்குப் போகும். பிறகு தோடு அடகுக்கடைக்கு. பிறகு, பத்தாவது படிக்கிற பிள்ளை திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. ரேஷன் அரிசியால் உலை கொதிக்கிறது. சோற்றில் ஊற்றப் பருப்புக் குழம்பு இல்லை. அதைப் பட்டினி என்று யாரும் சொல்வதில்லை, கௌரவம் தடுக்கிறது.

கிணறு தோண்டிய ஈசாக்கின் ஆட்கள் ஊற்றைக் கண்டதும் கெரார் மேய்ப்பர்கள் தண்ணீர் எங்களுடையது என்று சண்டைக்கு வந்தார்கள். விட்டுவிட்டு வேறொன்று தோண்டினார்கள்; அதற்கும் சண்டை. மூன்றாவதில்தான் ஓய்ந்தது. தூர்வாரினால் மட்டும் போதாது, பங்கீடு சரியாக வேண்டும். முறை வைத்துப் பாய்ச்ச நம் முன்னோர் நீர்க்கட்டியை நியமித்தார்கள். பல ஊர்களில் அவருக்குச் சொந்த நிலம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைமடைக்காரரின் பயிர் கருகும்போது தலைமடைக்காரர் காணிக்கைத் தட்டில் போடும் நோட்டு எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நம் பங்கின் ஒவ்வோர் அன்பியக் குழுவும் இந்த மாதம் இரண்டு காரியம் செய்யட்டும். குறைந்த தண்ணீரில் மூன்று மாதத்தில் விளையும் குதிரைவாலியை வீட்டுக்கு ஒரு படி விதையாகச் சேர்த்துப் பொதுவில் வையுங்கள். மழை பொய்த்தால் இல்லாதவர் வீட்டுக்கே அது முதலில் போக வேண்டும். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு மண்வெட்டியோடு வாருங்கள், நேரே வரத்துக்காலுக்குப் போவோம். அதை மறித்துப் பயிர் வைத்திருப்பவர்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்கள் முதல் ஆளாய் வரட்டும்.