இருபத்து மூன்றாவது வரி

ஆடி பிறந்த சில நாட்களில், எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் ஒரு பையன், பொறியியல் கலந்தாய்வுக்காகத் தான் தயாரித்திருந்த விருப்பப் பட்டியலைக் கோடு போட்ட நோட்டு ஒன்றில் எழுதி என்னிடம் கொண்டுவந்து காட்டினான். அந்த விஷயத்தில் எனக்கு யாதொரு ஞானமும் கிடையாது என்பது அவன் தகப்பனாருக்கு நன்றாகத் தெரியும்; ஆயினும் பெரியவர் ஒருவர் கைபட்டு வரட்டும் என்ற எண்ணத்தினால் அனுப்பியிருந்தார். முதற்பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. நாலு மூலையிலும் மஞ்சள். அதன் கீழே கல்லூரியின் எண்ணும் பாடப்பிரிவின் பெயருமாக, திருத்தமான கையெழுத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட வரிகள். 22-க்கு எதிரே ஒரு கல்லூரி இருந்தது; 24-க்கு எதிரே ஒரு கல்லூரி இருந்தது; 23-க்கு எதிரே ஒன்றும் இல்லை.

"இது என்னப்பா, விட்டுப்போச்சா?" என்றேன்.

"இல்லே தாத்தா. அது இருக்கட்டும்" என்று சொல்லி, நோட்டை வாங்கிக்கொண்டு, என் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

நடந்தது இவ்வளவுதான். பையனுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டான், வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் எனக்கு மட்டும் அந்தக் காலி வரி, செருப்புக்குள் புகுந்த மணலைப்போல் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று ஒரு பிள்ளையின் பன்னிரண்டு வருஷப் படிப்பை 200-க்குள் அடக்கி, அந்த எண்ணின்படி அவனை வரிசையில் நிறுத்தி, அவன் கொடுத்த பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, எந்த வரியில் இடம் மிச்சமிருக்கிறதோ அந்த வரியை அவனுக்கு ஒதுக்குவதுதான் இந்த ஏற்பாடு. என் மகன் காலத்தில் இதற்காகச் சென்னைக்குப் போய், கிண்டியில் பந்தலுக்கடியில் உட்கார்ந்து, திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்திருக்க வேண்டியிருந்தது. 2018 முதல் எல்லாம் இணையவழி என்று ஆகிவிட்டது. அநியாயம் என்று இதைச் சொல்லமாட்டேன். சிபாரிசுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இதைவிட நியாயமான ஏற்பாடு ஒன்றை எனக்கு யோசிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் பட்டியலுக்கு ஒரு குணம் உண்டு. 23-ஆவதாக ஒன்றை வைப்பதென்றால், அதற்கு மேலுள்ள 22-உம் கைவிட்டுப் போனால்தான் அது வேண்டும், ஆனால் அது கிடைக்குமானால் அதற்குக் கீழுள்ள அத்தனையும் வேண்டாம் என்று பொருள்.

அந்தப் பையன் விட்டுவைத்த இடம் முதலாவதாக இருந்திருந்தால் எனக்கு எளிதில் விளங்கியிருக்கும்: சொல்ல வெட்கப்படுகிற பெரிய ஆசை ஒன்று அவனுக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, உள்ளூர ஓர் ஆசீர்வாதமும் செய்திருப்பேன். கடைசியாக இருந்திருந்தால் இன்னும் எளிது. ஞாபகம் வந்தால் எழுதலாம் என்று விட்டிருப்பான். நடுவிலே, இத்தனைக்குக் கீழ், இத்தனைக்கு மேல் என்று அளந்து ஓர் ஆசைக்கு இடம் போட்டுவிட்டு, அதன் பெயரை மாத்திரம் எழுதாமல் விடுகிற மனோபாவம் எப்படிப்பட்டது? நண்பன் ஒருவன் சேரவிருந்த கல்லூரியாக இருக்கலாம். அந்தப் பட்டியலில் இடம்பெறவே முடியாத சரித்திரப் படிப்பாகவோ, சித்திரப் படிப்பாகவோ இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்; "ஒரு பையன் ஒரு வரியை விட்டுவிட்டதற்கு ஒரு மாசமா யோசனையா?" என்று என் மனைவி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கணிப்பொறியில் ஏற்றும்போது காலி வரிக்கு இடமில்லையாம். 24 தானாகவே 23 ஆகிவிடும் என்று சொன்னார்கள்.

எங்கள் காலத்தில் பட்டியல் என்ற சங்கடமே இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து லோயர் பாஸ் செய்வது, பிறகு ஹையர், இதற்கிடையில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைப்பது, பிறகு எந்த இலாகாவிலிருந்து உத்தரவு வருகிறதோ அந்த இலாகாவே நம் குலதெய்வம். உத்தியோகம் பிடித்திருக்கிறதா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் பரிகாசம் செய்கிறார் என்றே நினைத்திருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் வேறொருவரிடம் கேட்டிருக்கிறேன்.

எனக்குப் பத்துப் பிராயம் இருக்கும்போது, கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அச்சுக்கூடம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்க் கம்பாசிட்டரின் பக்கத்தில் நிற்பது எனக்கு வழக்கம். தகப்பனார் தவறிப்போனபின், சிறு வயதிலேயே யாரோ கொண்டுவந்து அந்தத் தொழிலில் விட்டுவிட, அப்படியே தங்கிவிட்டவர் அவர். இடது கையில், எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைப் பிடித்திருப்பார். கண் கையெழுத்துப் பிரதியைவிட்டு நகராது. வலது கை தானாகவே எழுத்துப் பெட்டியான கேஸின் அறைகளுக்குப் போய் எழுத்துகளைப் பொறுக்கிவரும். ஒவ்வோர் எழுத்தின் உடம்பிலும் சிறிய பள்ளம் ஒன்று வெட்டியிருக்கும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை விரலால் அறிந்தே எழுத்தை நேராக நிறுத்திவிடுவார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய காலமாகையால், ணை, லை, னை, றா என்று தனித்தனி வடிவங்களுக்கெல்லாம் தனித்தனி அறைகள். அத்தனையும் அவர் விரலுக்கு மனப்பாடம்.

முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கும். மணமக்களின் பெயர் வரிக்கடைசியில் முறிந்து, பாதி அடுத்த வரிக்குப் போகும்படி நேர்ந்தால் அவர் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். கோத்த வரியைக் குலைத்து, சொற்களுக்கு நடுவே வைத்திருந்த ஈயத் துண்டுகளை எடுத்துவிட்டு, அவற்றைவிட மெல்லியவற்றை ஒவ்வொன்றாகச் செருகி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பெயர் முழுசாக வரிக்குள் அடங்கிய பிறகுதான் மேலே போவார். இதற்காக அவருக்குக் காலணா அதிகம் கிடைத்ததில்லை. கல்யாண வீட்டாருக்கோ இப்படி ஒரு பிரயாசை நடந்தது என்பதே தெரியாது. முதலாளி நேரமாகிறது என்று அதட்டுவார். இவர் காதில் வாங்கமாட்டார்.

அப்படிப்பட்ட ஒரு சந்தர்ப்பத்தில்தான், "இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா, மாமா?" என்று கேட்டேன்.

"பிடிக்கலேன்னா எங்கே போறது, தம்பி?" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு மெல்லிய துண்டைத் தேடத் தொடங்கினார்.

இந்தப் பதிலை நான் வெகுகாலம் விரக்தி என்றே எண்ணியிருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. போக்கிடமில்லாதவன் பெயரை முறிக்காமல் இருப்பதற்காக வரியைக் குலைக்க வேண்டிய அவசியம் என்ன? பிடிக்காத தொழிலிலும் கை பழகிவிட்டால் இவ்வளவு சிரத்தை வந்துவிடுமா, அல்லது தமக்கு அது பிடித்திருக்கிறது என்பதை அவரே அறியவில்லையா?

கும்பகோணத்துக்காரனாகையால் இந்த இடத்தில் இரண்டு பெரியவர்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. காவிரிக்கரை அரசினர் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1903-இல் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். மறு வருஷம் கணித மேதை ராமானுஜன் அதே கல்லூரியில் மாணாக்கராகச் சேர்ந்தார். ராமானுஜனின் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் உண்டு. கணிதத்தைத் தவிர மற்றொன்றிலும் மனம் செல்லாமல் உபகாரச் சம்பளத்தை இழந்து, அலைந்து, கடைசியில் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். அடுத்த ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் தம்மை அந்தக் குமாஸ்தாவாகவே அறிமுகம் செய்துகொண்டார். பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகளுக்கு அவரை உதாரணம் காட்டுகிற நம்மில், தன் சொந்தப் பிள்ளை அப்படி ஒற்றை வரியோடு வந்து நின்றால் மனம் கலங்காதவர் எத்தனை பேர்?

சாமிநாதையர் விஷயம் வேறு. தகப்பனார் சங்கீத வித்துவான்; பிள்ளைக்குத் தமிழின்மேல் பித்து. அந்த மட்டில் அவருக்கும் முதல் வரி தெளிவாகவே இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, 1880-இல், அந்தக் கல்லூரியில் தியாகராச செட்டியார் வகித்த ஸ்தானத்தில், 50 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய 25. அதாவது, விரும்பிய தொழிலே கிடைத்துவிட்டது. ஆனால் நாம் அவரை எதற்காக நினைக்கிறோமோ அந்தப் பதிப்புக் காரியம் அதுவரை அவர் பட்டியலிலேயே இல்லை. அந்த வருஷம் அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போய், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, முதலியார் அவற்றில் அசையாமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று விசாரித்தாராம். படித்ததில்லை. அந்த ஒரு கேள்வியிலிருந்து ஏழு வருஷ உழைப்புக்குப் பின், 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பிறகு சங்க நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அன்றைக்கு அந்த முன்சீப் மரியாதைக்கு நாலு வார்த்தை புகழ்ந்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆகவே செய்யச் செய்யப் பிடிக்கும் என்று முடித்துவிடலாமா? பெரியவர்கள் அப்படித்தான் சொல்லுகிறார்கள். கல்யாணத்துக்குச் சொல்லிவந்த சமாதானத்தையே உத்தியோகத்துக்கும் சொல்லிவிடுகிறார்கள். கடைசி வரையில் பிடிக்காமலே போனவர்களைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. முப்பத்தைந்து வருஷம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தவறும் இல்லாமல் கணக்கு எழுதி, ஓய்வுபெற்ற மறுநாளே பேனாக்களையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்ட உறவினர் ஒருவர் எனக்கு உண்டு. அதன் பிறகு கையெழுத்துப் போடவும் பிறரிடம் பேனா கேட்டு வாங்குவார். அவருடைய கணக்கும் சுத்தம். கம்பாசிட்டரின் வரியும் சுத்தம். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

அடுத்த வருஷம் என் பேத்தி பிளஸ் டூ எழுதுகிறாள். உனக்கு என்ன பிடிக்கும் என்று அவளைக் கேட்டுவிடுவதா, எந்தக் காரியத்தில் அவள் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று கவனித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதா என்பது எனக்கு இன்னும் நிர்ணயமாகவில்லை. கேட்டால்தானே தெரியும் என்கிறாள் என் மனைவி. கேட்டால், கெட்டிக்காரப் பெண், எனக்குப் பிடிக்கும்படியாக ஒரு பதிலைத் தயார் செய்து சொல்லிவிடுவாளே என்று நான் பயப்படுகிறேன்.