கானாவூரும் அத்திப்பட்டும்

திருமணமொன்றைப் படம்பிடிக்கக் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் அத்திப்பட்டு சென்றிருந்தோம். இக்காலத்தில் மாமல்லபுரக் கடற்கரை விடுதிகளை நாடிச் சென்று மணம் முடிப்போர் பலர். இவ்வீட்டாரோ சொந்த ஊரிலேயே வைத்திருந்தனர். "ஊரு தெரியாமப் பாத்து எடுங்கண்ணே" என்றார் மணமகளின் தம்பி.

முதல்நாள் மாலை, தக்க இடம் தேடிக் கொசஸ்தலை ஆற்றோரம் நடந்தோம். 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எதிரே நின்றன. அதன் குழாய்களிலிருந்து ஆண்டுக்கணக்கில் கசிந்த சாம்பல் ஆற்றைத் தூர்த்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் வேறு படிந்தது. அந்நீரில் இடுப்பளவு இறங்கிச் சில பெண்கள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர்.

சற்றே திரும்பி நின்றால் வானமும் நீரும் மட்டுமே தெரியும். அது பொய்யா? எந்தப் படமும் எதையேனும் விலக்கியே எடுக்கப்படுகிறது. ஒருநாளேனும் சாம்பலின்றித் தோன்ற விரும்பும் பெண்ணைக் குறைகூற நாம் யார்? இது எங்களுக்கு எளிதில் தீராத கேள்வி.

யோவான் நற்செய்தியில் கானாவூர் மணமக்களின் பெயரில்லை. ஊரின் பெயர்தான் உள்ளது. இரசம் எங்கிருந்து வந்ததென்று பந்தி மேற்பார்வையாளர் அறியார். தண்ணீர் மொண்ட பணியாளர் அறிவர். மாநகரின் மணப்பந்தல்களில் ஒளிரும் விளக்குகளுக்கு எங்கிருந்து மின்சாரம் வருகிறதென்பதை, இறால் துழாவும் அப்பெண்களும் அறிவர்.

மறுநாள் திருப்பலிக்குப்பின் அவர்கள் விரும்பியவாறே படமெடுத்தோம். மணமக்களுக்குப் பின்னால் ஆறும் புகைபோக்கிகளும் தெரிய எடுத்த ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. ஆல்பத்தில் சேர்க்கலாமா என்று மணமகளிடம் இன்னும் கேட்கவில்லை.