கூப்பிட்ட குரலுக்கு

இங்கிலாந்தின் யோர்க்சயர் பகுதியில் மிருக வைத்தியராக இருந்த ஜேம்ஸ் அல்பிரட் வைட் என்பவர், ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் 1970 முதல் தன் தொழில் அனுபவங்களைக் கதைகளாக எழுதினார். பிபிசி அவற்றை 1978 முதல் 1990 வரை இடைவெளிகளோடு தொடர் நாடகமாகக் காட்டியது. 2020 இல், கொரோனாக் காலத்தின் நடுவே, பிரித்தானியாவின் சனல் 5 புதிதாக எடுக்கப்பட்ட தொடரைக் காட்டத் தொடங்கியது. 'ஓல் கிரீச்சர்ஸ் கிரேட் அன்ட் ஸ்மோல்' என்பது தொடரின் பெயர். அதில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. நள்ளிரவில் தொலைபேசி அடிக்கும். எங்கோ ஒரு பண்ணையில் பசு கன்று போட முடியாமல் கிடக்கும். இளம் வைத்தியர் குளிரில் போய், சட்டையைக் கழற்றி, சவர்க்காரம் பூசிய கையைத் தோள்வரை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி எடுப்பார். பிறகு அடுப்படியில் ஒரு கோப்பை தேநீர்.

இந்தத் தொடருக்குப் பல நாடுகளிலும் இரசிகர்கள் இருக்கிறார்கள். படம்பிடித்த கிராமங்களுக்கு யாத்திரை போவது போலப் போகிறார்கள். கேட்டால், மனதுக்கு இதமாக இருக்கிறது என்கிறார்கள். யாரோ ஒருவருடைய பசு பிழைத்ததில் நமக்கு என்ன இதம்? திரையில் தெரியும் வாயில்லாப் பிராணிக்காக விடும் கண்ணீர் நம்மை நல்லவர்களாக்குகிறதா, அல்லது நல்லவர்கள் என்று நம்மை நாமே நம்ப வைக்கிறதா? வளைகுடாவில் இருந்துகொண்டு கேட்கும்போது இந்தக் கேள்வியின் பாரம் கூடிவிடுகிறது.

சார்ஜாவில் விடுமுறை நாட்களில் ஒரு வீட்டில் கூடுகிற எட்டுப்பத்துப் பேர் நாம். இலண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த இறுவட்டுகளில் இத்தொடரைப் பார்த்தோம். வீட்டில் மாடு வளர்த்த ஒருவருக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது: "மாட்டை நோகப் பண்ணியெல்லோ எடுத்திருப்பினம்?" பழைய தொடரில் நடிகர் உண்மையாகவே பசுவுக்குள் கைவிட்டு நடித்தார். புதியதில் கன்று பிறக்கும் காட்சிகளுக்குச் செயற்கையாகச் செய்த பசுவின் உடலைப் பயன்படுத்துகிறார்கள். அதைச் சொன்ன பிறகுதான் அவர் நிம்மதியாகப் பார்த்தார். குவைத்தில் பல வருடம் வீட்டுவேலை செய்த அக்கா ஒருவர், "இளங்கொடியை என்ன செய்வினம்? ஆலமரத்திலை கட்டமாட்டினமோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அல் ஐனுக்கு அப்பால் ஒட்டகப் பண்ணையில் வேலை செய்த அண்ணை மட்டும் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கூப்பிட்ட உடனை வாறான், பாத்தியளே" என்றார்.

அவர் சொன்னதுதான் இந்தத் தொடரின் சாரம் என்று நமக்குப் படுகிறது. கன்று பிழைக்காத பாகங்களும் உண்டு. அப்போதும் அந்த இதம் குறைவதில்லை. அபயக்குரல் கேட்டு ஒருவர் எழுந்து வருகிறார் என்பதே போதுமாயிருக்கிறது. நமக்கு இது புதிய கதையுமல்ல. கன்றை இழந்த பசு அரண்மனை மணியை அடிக்க, தேரோட்டிய தன் மகனையே தண்டித்த சோழனின் கதையைச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். மகாவம்சம் இதே கதையை அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் மீது ஏற்றிச் சொல்கிறது. எதிரி என்று கருதிய அரசனைப் பற்றியும் அந்த நூல் மறைக்காமல் சொன்ன நற்குணம், மணி அடித்தால் அவன் வருவான் என்பது.

வளைகுடாவிலும் மிருகங்களுக்கு மணி உண்டு. அபுதாபியில் 1999 முதல் வல்லூறுகளுக்கென்றே ஒரு வைத்தியசாலை இயங்குகிறது. டுபாயில் 2017 இல் ஒட்டகங்களுக்கான வைத்தியசாலை திறக்கப்பட்டது. அமீரகத்து வல்லூறுகளுக்கு 2002 முதல் கடவுச்சீட்டும் கொடுக்கிறார்கள். இதை வைத்து நம்மவர்களிடையே ஒரு பகிடி உண்டு: வல்லூறின் கடவுச்சீட்டு வல்லூறோடு போகிறது, எங்கடது முதலாளியின்ரை பெட்டிக்குள்ளை கிடக்குது.

பகிடியின் வேதனை உண்மை. ஆனால் அதற்குள் ஒரு பிழையான கணக்கும் இருக்கிறது. இரக்கம் ஏதோ அளந்து வைத்த அரிசி போலவும், வல்லூறுக்கு அள்ளிப் போட்டதால் மனிதனுக்குக் குறைந்துவிட்டது போலவும் அது எண்ணுகிறது. வல்லூறின் வைத்தியசாலையை இடித்தால் ஆடு மேய்ப்பவனுக்கு ஒரு வைத்தியர் கிடைத்துவிடப் போவதில்லை. அவனுடைய குறை வேறு இடத்தில் இருந்தது. அமீரகத்தின் 1980 ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வீட்டுப் பணியாளரையும் மேய்ச்சல் தொழிலாளரையும் தன் எல்லைக்கு வெளியே விட்டிருந்தது. 2017 இல் வந்த வீட்டுப் பணியாளர் சட்டத்தில்தான் ஆடு மேய்ப்பவரும், வல்லூறைப் பராமரிப்பவரும் கூட, இடம்பெற்றார்கள். பறவைக்கு மணி கட்டி ஏறத்தாழப் பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு அதைச் சுமந்து திரிந்தவனுக்கும் ஒரு மணி கட்டினார்கள். பாலைவனத்தின் நடுவிலிருந்து அதை அடித்தால் எவ்வளவு தூரம் கேட்கும் என்பது வேறு விடயம்.

பஹ்ரெய்னில் நீண்டகாலம் வேலை செய்த மலையாள எழுத்தாளர் பென்யாமின் 2008 இல் வெளியிட்ட 'ஆடுஜீவிதம்' நாவலில் இந்த யோர்க்சயர் காட்சி அப்படியே தலைகீழாக வருகிறது. சவூதிப் பாலைவனத்தில் அடிமையாக்கப்பட்ட நஜீப் ஒரு ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கிறான். அவன் வைத்தியனல்ல. தொலைபேசியும் இல்லை, முடிந்தபின் தேநீர் தர ஒருவரும் இல்லை. பிறந்த குட்டிக்கு, ஊரில் தன் மனைவியின் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கென்று நினைத்து வைத்திருந்த பெயரைச் சூட்டுகிறான். தன் குரலுக்கு யாரும் வராத இடத்தில், ஒரு ஆட்டின் குரலுக்கு அவன் போகிறான்.

பிளெஸ்ஸியின் இயக்கத்தில் இந்நாவல் 2024 மார்ச்சில் திரைப்படமாக வந்தது. அவ்வருடம் நெற்ஃபிளிக்ஸிலும் வெளியானபின் சவூதிப் பார்வையாளர் பலர் கோபம் கொண்டார்கள். ஒரு கொடியவனை வைத்து முழு நாட்டையும் கேவலப்படுத்துகிறார்கள், நாங்கள் அப்படியானவர்களல்ல என்றார்கள். படத்தில் நடித்த யோர்தான் நடிகர் ஒருவர் சவூதி மக்களிடம் மன்னிப்பும் கேட்டார். அதே கதையில் நஜீபைத் தன் காரில் ஏற்றி நகரத்தில் விடுகிற நல்ல அரபி ஒருவரும் வருகிறார். கோபப்பட்டவர்களின் கண்ணில் கொடியவன் மட்டுமே பட்டான். நாடகம் பார்க்கையில் அழுகை வந்ததால், சனங்கள் கண்டுவிடுவார்கள் என்று வெட்கி எழுந்துபோன கிரேக்கக் கொடுங்கோலன் ஒருவனைப் பற்றி புளூட்டார்க் எழுதியிருக்கிறார். தான் கொன்றவர்களுக்காக ஒருநாளும் அழாதவன் அவன். திரை நம் வீட்டைக் காட்டும்போது எழுந்துபோக நினைப்பது மனித இயல்புதான் போலும்.

எழுந்து போகாமல் இருந்தால் சில வேளை பலனும் உண்டு. வங்காளதேசம், பாகிஸ்தான், சூடான் போன்ற நாடுகளின் சிறுவர்களைக் கொண்டுவந்து, பாரம் கூடாதிருக்கப் பட்டினி போட்டு, ஒட்டக ஓட்டத்தில் கட்டிவிட்ட கொடுமையை மனித உரிமை அமைப்புகள் பல வருடம் சொல்லி வந்தன. 2004 இல் அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சி அதை இரகசியமாகப் படம்பிடித்துக் காட்டியது. 2005 இல் அமீரகம் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. யுனிசெஃப் உதவியோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர்கள் ஊர் திரும்பினார்கள். இன்று ஒட்டகத்தின் முதுகில் சிறு இயந்திரம் இருக்கிறது.

சவூதிக்காரரைக் குறைசொல்லி நாம் இதை முடித்துக்கொள்ள முடியாது. சார்ஜா வீட்டில் ஒரு பாகம் முடிந்ததும் பேச்சு ஊர் மாடுகளுக்குப் போனது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. கொட்டிலில் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்ததையும், அது படலைவரை பின்னால் வந்ததையும் சொல்லிச் சிலர் கண் கலங்கினார்கள். அப்போது புத்தளத்திலிருந்து வந்து நம்மோடு பழகும் ஒருவர் மெல்லச் சொன்னார்: "எங்கட வீட்டிலையும் ஆடு நிண்டது." அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1990 இல், அதே ஒக்ரோபர் 30 அன்று, யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணிநேரம். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள்.

"அது நாங்களில்லை, இயக்கம்" என்று உடனே ஒருவர் சொன்னார். சவூதிப் பார்வையாளர் சொன்னதும் இதேதான். இரண்டு கூற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் யாரையும் குற்றம் சாட்டவில்லையே. ஆடு நின்றது என்றுதான் சொன்னார். குவைத் அக்காதான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, "ஆட்டை ஆரிட்டைக் குடுத்திட்டு வந்தனீங்கள், தம்பி?" என்று கேட்டார்.

மிருகங்களுக்காக வரும் கண்ணீரைப் பழிக்க நமக்கு மனமில்லை. அந்தக் கண்ணீர் வராத மனிதன் வேறு எதற்கும் அழமாட்டான் என்றே நினைக்கிறோம். ஆனால் கூப்பிட்டதும் வந்த வைத்தியருக்காக அழுகிறவர்கள், தம்மை யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கவும் கடமைப்பட்டவர்கள். நாங்கள் அப்படியில்லை என்பது அந்தக் குரலுக்குப் பதிலாகாது. அக்கா கேட்டது போல ஒரு கேள்வியிலிருந்தாவது தொடங்கலாம்.