விடுவதற்கும் வலு வேண்டும்

திருக்கோணமலையில் பாரை வாங்குகிறவர் மீனைத் தலைப்பக்கம் பிடித்துக் கிடையாகத் தூக்கிப் பார்ப்பார். வால் தொய்யாமல் பலகைபோல் நின்றால் புது மீன். செத்த உடல் ஏன் இப்படி இறுகுகிறது என்று கேட்டால், பற்று விடுதல் என்பது வெறுமனே செயலற்றுப் போவதுதானா என்ற சைவக் கேள்விக்கும் ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. வன்கூட்டுத் தசைக்குள் அக்ரின், மயோசின் என்னும் புரத இழைகள் அடுக்கடுக்காக உள்ளன. தசை சுருங்கும்போது இழைகள் குறுகுவதில்லை, ஒன்றையொன்று உரசி வழுக்குகின்றன என்று 1954இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. நிலாவெளிப் பக்கம் கரைவலைக் கயிற்றை வரிசையாக நின்று இழுப்பதுபோல், மயோசினின் தலைகள் அக்ரினைப் பற்றி இழுக்கின்றன. ஆனால் வலு தீர்ந்த மனிதன் கயிற்றைக் கைவிடுவான். மயோசின் தலை விடாது. தசைக்கு வலுத் தரும் ஏ.ரீ.பி. மூலக்கூறு ஒன்று வந்து ஒட்டினால்தான் அதன் பிடி தளரும். தசையைச் சுருங்கத் தூண்டிய கல்சியத்தைத் திரும்ப அதன் பைக்குள் ஏற்றவும் ஏ.ரீ.பி.யே செலவாகிறது. இறந்தபின் அது தீர்ந்துபோக, பற்றிய தலைகள் பற்றியபடியே நின்றுவிடுகின்றன. வலைக்குள் நெடுநேரம் துடித்த மீன் சீக்கிரமே விறைப்பதும் இதனால்தான்.

ஆக, வறண்டுபோன தசையின் நிலை பற்று, விடுதலுக்குத்தான் செலவு. யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி 'சும்மா இரு' என்றதைச் சோம்பலாக எடுத்துக்கொள்பவர்கள் பிணத்தைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. (சவாசனத்துக்குப் பெயர் வைத்தவர் சவத்தை முதல் நாளில் தொட்டுப் பார்க்கவில்லை போலும்.) ஓரிரு நாளில் பிணமும் தளர்கிறதே என்பார்கள். அது விட்டதால் வந்த தளர்ச்சியல்ல, புரதமே சிதைந்ததால் வந்தது. குடத்தைத் தூக்கிப் பிடித்து நின்றாலும் கை ஓய்கிறதே என்றால், அந்தப் பிடிக்குள்ளும் ஒவ்வொரு தலையும் விட்டு விட்டுத்தான் பற்றுகிறது. மூலக்கூறு வேறு, ஆன்மா வேறு என்ற மறுப்பு மட்டும் கனமானது. அதை நான் ஏற்கிறேன். தசை எந்தச் சமய உண்மையையும் நிறுவாது. உடலை உவமை காட்டிச் செயலின்மையை நிறுவியவர்களின் சாட்சி பொய்த்தது, அவ்வளவுதான்.

விடுவதே உழைப்பென்றால் அருளுக்கு என்ன வேலை என்று ஒரு சித்தாந்தி கேட்கலாம். மயோசின் தலை ஏ.ரீ.பி.யைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை; அது வேறிடத்தில் உருவாகி வந்து சேர வேண்டும். கோணேசர் மலையைப் பெயர்க்க முயன்ற இராவணனின் கையிலிருந்து வாளை விழச்செய்தவன் சிவன் என்றுதான் அம்மலையிலுள்ள இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் கதையும் சொல்கிறது.