குணம் எங்கே இருக்கிறது?

எள்ளை ஆட்டினால் எண்ணெய் வரும், மணலை ஆட்டினால் வராது. காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்பதற்குச் சாங்கியத் தத்துவ மரபினர் காட்டிய சான்று இது. பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ச்சுனர் இதை ஏற்கவில்லை. எந்தப் பொருளுக்கும் தனக்கென்று சுபாவம் கிடையாது, எல்லாமே சார்பில் தோன்றுபவை என்றார். இந்தப் பழைய வழக்கில் வேதியியலுக்கும் சொல்வதற்குச் சாட்சியம் உண்டு.

கருக்கவர் பதிலீட்டு வினையில், எடுத்துக்காட்டாக, கார்பனோடு பிணைந்த புரோமினை வெளியேற்றிவிட்டு, எலக்ட்ரான் மிகுந்த வேறொன்று அந்த இடத்தைப் பிடிக்கிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டென்று 1930களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வேதியியலாளர்கள் ஹியூசும் இங்கோல்டும் பிரித்துக் காட்டினார்கள்.

எஸ்என்2 எனும் வழியில், வரும் தொகுதி பின்பக்கமாக மோதும்போதே புரோமின் விலகுகிறது. கார்பனைச் சுற்றி நெருக்கம் கூடினால் வேகம் விழும். எத்தில் சேர்மத்தின் வேகத்தை 1 என்று வைத்தால் மெத்திலுக்குச் சராசரியாக 30, ஐசோபுரோப்பைலுக்கு 0.025. மூவிணைய பியூட்டைல் புரோமைடில் மூன்று மெத்தில் தொகுதிகள் மறித்து நிற்பதால் வழி அநேகமாக அடைபட்டே கிடக்கிறது.

அப்படியானால் மந்தம் அதன் பிறவிக் குணமா?

அதையே தண்ணீரில் கலந்தால் புரோமின் தானாகப் பிரிகிறது. எஞ்சும் கார்பன் நேர்அயனியைத் தாங்கிப் பிடிப்பவை, முன்பு வழிமறித்த அதே மூன்று மெத்தில் தொகுதிகள்தாம்! எஸ்என்1 எனும் இந்த வழியில் அது முந்துகிறது, மெத்தில் புரோமைடு முடங்குகிறது. கரைப்பானும் சும்மா இருப்பதில்லை. மூவிணைய பியூட்டைல் குளோரைடு எத்தனாலைவிடத் தண்ணீரில் சுமார் 3 லட்சம் மடங்கு வேகமாக வினைபுரிகிறது.

நாகார்ச்சுனர் வென்றுவிட்டதாகத் தோன்றலாம். ஆனால் 1939இல் வேதியியலாளர்கள் பார்ட்லெட்டும் நாக்ஸும் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். அவர்கள் எடுத்த அப்போகாம்ஃபில் குளோரைடில், குளோரின் இருப்பது வளையங்கள் கூடும் முனைக் கார்பனில். பின்பக்கத்தைக் கூண்டு போன்ற அமைப்பு மூடியிருக்கிறது. நேர்அயனிக்குத் தேவையான தட்டை வடிவத்தையும் அந்தக் கார்பனால் எடுக்க முடியாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் 21 மணி நேரமும், சில்வர் நைட்ரேட்டுடன் 48 மணி நேரமும் கொதிக்கவைத்தும் குளோரின் அசையவில்லை. அங்கே சூழல் மாறியும் பயனில்லை, அமைப்பு விடவில்லை.

எதைச் சார்ந்து எப்படி மாறலாம் என்பதை அமைப்பு வரையறுக்கிறது. அந்த எல்லைக்குள் மாறுவதும் மாறாததும் சார்பைப் பொறுத்தது. சைவ சித்தாந்தம் உயிரின் இயல்பைச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்கிறது. சார்பு உண்மை, சார்கிற பொருளின் இயல்பும் உண்மை என்று இரண்டையும் விடாமல் பிடித்த கருத்து அது. சித்தாந்தம் அதை உயிருக்குச் சொன்னது, சடப்பொருளுக்கு அல்ல. மூலக்கூறுகள் வரை அதை நீட்டலாமா என்பதைச் சித்தாந்த அறிஞர்களும் வேதியியலாளர்களும் ஒரே மேடையில் அமர்ந்து பேச வேண்டும்.