முதல் துப்பாக்கி

வேட்டை கூடுமா, கூடாதா என்னும் பெரிய விவாதத்தை நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. ரிங்லெட்டில் தமது காய்கறித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகக் கண்ட இளைஞரொருவர், முதலில் எந்தத் துப்பாக்கி வாங்கலாமென்று நம்மைக் கேட்டார். கணக்கெழுதும் கிராணியிடம் கேட்கத்தக்க கேள்விதானா என்பது வேறு விஷயம். லைசென்ஸ் கிடைப்பதும் வேறு விஷயம். விலை மலிவு, தோளில் உதைக்காது என்பதால் அவருக்கு .22 ரைபிளில் ஆசை. பன்றிக்கு என்ன நேருமென்பதை அவர் கேட்கவில்லை.

.22 என்பது குழாயின் விட்டம், அங்குலக் கணக்கில். குண்டு சுமார் இரண்டரைக் கிராம். முயலுக்குப் போதும். பன்றியோ அதைச் சுமந்துகொண்டே காட்டிற்குள் ஓடிச் சீழ்பிடித்து, நாட்கணக்கில் வதைபட்டுச் சாகும். ஒன்பது கிராம் குண்டு எறியும் 7 மில்லிமீட்டர் ரைபிளோ, பன்னிரண்டு போர் துப்பாக்கியின் தனிக்குண்டோ சரியாகப் பட்டால் அவ்வதை இல்லை.

நம்மவர் சிலர் ஏளனம் பேசும் செமாய் மக்கள் இதை நன்கறிவர். ஈப்போ மரத்து நஞ்சு தோய்த்த ஊதுகுழல் அம்பு, குரங்கு, அணில் முதலிய மரத்துப் பிராணிகளுக்கு. பன்றிக்கு ஈட்டியும் பொறியும்.

காயத்தோடு தப்பிய மிருகத்தின் கதை அத்துடன் முடிவதுமில்லை. 1907இல் குமாவூன் பகுதியின் சம்பாவத்தில் ஜிம் கார்பெட் சுட்ட பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்புறக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணம், அதனால்தான் இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற் போயிற்று என்றார் கார்பெட். அக்குண்டைச் சுட்டவர் யாரோ! அவர் அன்றிரவு நிம்மதியாக உறங்கியுமிருப்பார். அம்மரணங்களில் அவருக்குப் பங்குண்டா? அறியாமற் செய்ததென்பர் சிலர். உண்டென்றே நாம் கருதுகிறோம். அறிந்துகொள்ளாமல் விசையை இழுத்தது அவருடைய கைதானே?

இளைஞர் யோசிப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார். துப்பாக்கியை விட்டு வேலியை உயர்த்தினாலும் நமக்கு ஆட்சேபணையில்லை.