வீடு பூட்டியிருந்தது

'வைத்திருக்கிறேன்' என்ற சொல்லுக்குள் இரண்டு அர்த்தங்கள் இருக்கின்றன. எனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்று. உனக்காகக் காத்து வைப்பது இன்னொன்று. தபால் நிலையம் இரண்டாவதைத்தான் தொழிலாகச் செய்கிறது.

முகவரி இல்லாதவர்களுக்கும் அதைச் செய்தது. உறைமேல் பெயரையும், 'போஸ்ட் ரெஸ்டான்ட்' என்பதையும், ஒரு தபால் நிலையத்தின் பெயரையும் எழுதினால் போதும். ராஜாஜி சாலையில் 1884 முதல் நிற்கும் ஜி.பி.ஓ. கட்டடத்துக்கு ஊர் சுற்றுகிறவன் ஒருவன் வந்து, அடையாளம் காட்டித் தன் கடிதத்தை வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அதைப் பிரிக்கக் கூடாது, பிறரிடம் தரக் கூடாது, காலமெல்லாம் வைத்திருக்கவும் கூடாது. முதல் இரண்டும் பெறுபவருக்கான மரியாதை. மூன்றாவது அனுப்பியவருக்கு. ஆள் வரவில்லை என்ற சேதியாவது அவருக்குப் போய்ச் சேர வேண்டுமே.

ஊரப்பாக்கத்தில் சிக்கல் நேர்மாறு. இங்கே எல்லோருக்கும் முகவரி இருக்கிறது, பகலில் ஆள்தான் இல்லை. காலையில் மின்சார ரயிலைப் பிடித்து ஓடுகிறவர்கள் தபால்காரரின் முகத்தையே பார்த்ததில்லை. 2025 வரை தனிச் சேவையாக இருந்த பதிவுத் தபால் வந்தால் கேட்டில் ஒரு சீட்டு செருகியிருக்கும். நெடுநாள் வழக்கப்படி 7 நாள் காத்திருந்துவிட்டு, தபால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

அப்படித் திரும்பியதற்குச் சட்டம் ஓர் அர்த்தம் கொடுக்கிறது. 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், பிரிவு 27: சரியான முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினால், மாறாக நிரூபிக்கப்படாதவரை அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். வீடு பூட்டியிருந்ததாகத் திரும்பிய நோட்டீஸுக்கும் இது பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம், 1996-இல். 1999-இல் ஒரு காசோலை வழக்கில், யாரும் வந்து வாங்காமல் திரும்பிய நோட்டீஸுக்கும் அதையே சொன்னது. நியாயம் புரிகிறது. கதவைச் சாத்திக்கொண்டு கடனிலிருந்து தப்பிவிடலாம் என்றால் கடன் கொடுத்தவர் எங்கே போவார்?

ஆனால் இது வாடகைக்காரர்களின் ஊர். எங்களுக்கு முன்பு குடியிருந்தவர் பெயரில் இன்னும் தபால் வருகிறது. ஒரு சனிக்கிழமை வந்தது வக்கீல் பெயர் அச்சிட்ட உறை. "உனக்கு எதுக்குப்பா வம்பு? வீடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிக்கச் சொல்லு" என்றார் மாடிவீட்டு அக்கா. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. ஆனால் அந்த இரண்டு சொற்கள் போதும், எங்கோ இருக்கும் ஒருவர் சேதி தெரிந்தும் ஒளிந்துகொண்டவராக ஆகிவிடலாம். 'வீடு மாறிவிட்டார்' என்று திரும்பினால், அனுப்பியவர் புதிய முகவரியைத் தேடவாவது வழியிருக்கிறது. "அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க சார், அப்படியே எழுதிடுங்க" என்றேன் தபால்காரரிடம்.

அவர் கடன்காரரா, நல்லவரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை. வராதவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வரவில்லை என்பதுதான். ஏன் வரவில்லை என்பது நம் ஊகம். சட்டத்துக்கு அந்த ஊகம் இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் சட்டமும் அதை முழுதாக நம்பிவிடவில்லை. காசோலை வழக்கில் நோட்டீஸே வரவில்லை என்பவர், நீதிமன்றத்தின் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. தபால் நிலையம் 7 நாள் காத்த பிறகு, நீதிமன்றம் இன்னொரு 15 நாள் காத்திருக்கிறது.

அந்த நாள்களும் ஒருவருக்குக் கிடைக்காமல் போவது, பல நேரம், உறைமேல் யாரோ அவசரத்தில் எழுதிய இரண்டு சொற்களால்தான்.